உயிரோடு இருக்கும் கணவருக்காக அழுவது தப்பா? மறதி நோய்க்குப் பாட்டு உதவுமா?

தப்பில்லை தங்கச்சி. நான் நான்கு வருடம் அழுதேன். அவர் உள்ளே படுத்திருப்பார். சத்தம் கேட்கக் கூடாதென்று குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். 2023-ல் அவர் போனபோது எனக்குக் கண்ணீர் அவ்வளவாக வரவில்லை. சாவுக்கு வந்த சிலர் அதைக் கவனித்தார்கள். என்னைப் "புள்ள" என்று கூப்பிட்ட மனிதரை 2019-லேயே இழந்துவிட்டேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அதற்கப்புறம் நான் அவருக்கு யாரோ ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில். அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலிருந்தே தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடித்தவர். கல்யாணமாகித் துறைமுக வேலைக்கு வந்தபின் உறுமியைத் தொட நேரமில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அல்சைமர் என்கிற மறதி நோய் வந்ததும் "அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் உண்மையைச் சொன்னேன். "அத்தை செத்துப் பல வருஷமாச்சுங்க." ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஒரே சாவை அவருக்கு எத்தனை தடவை கொடுத்தேனோ. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பிறகு "கோயிலுக்குப் போயிருக்காங்க, நீங்க பசியாறுங்க, வந்துருவாங்க" என்பேன். பொய்தான். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

பாட்டு விஷயத்தில் நான் நிறையத் தவறு செய்தேன். ரேடியோவை நாள் முழுக்க ஓடவிட்டேன். அறிவிப்பாளர் பேசும்போது வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாகப் பயந்தார். 2020 தைப்பூசத்துக்கு முதல் நாள், மேளம் கேட்டால் முகம் மலரும் என்று பினாங்கு ஸ்திரீட்டில் புறப்படும் வெள்ளி ரதத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேன். ரோட்டில் தேங்காய் உடைக்கிற சத்தத்தில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ரதம் வருவதற்குள் திரும்பிவிட்டோம்.

பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கை ஓயாமல் படுக்கையைத் தேய்க்கிறது, கட்டிவைக்கலாமா என்று கேட்டார்கள். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒரு கை தேய்க்கிறது, மற்றக் கை தட்டுகிறது. உறுமிக்கு ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுபக்கத்தை அடிப்பார்கள். அவர் வாசித்துக்கொண்டிருந்தார்! "கட்டாதீங்கம்மா, அவர் மேளம் அடிக்கிறார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் காலி பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்தேன். சாயங்காலம் ஆறு மணியானால் "வீட்டுக்குப் போவணும்" என்று கதவைப் பிடித்து ஆட்டுவாரே, அந்த நேரத்துக்குத்தான். எனக்குத் தெரிந்த தோட்டத்துக் கும்மிப் பாட்டை மெதுவாக முனகினேன். தாளம் பிசகவில்லை. நான் தப்பாகப் பாடிய இடத்தில் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு என்னை அவர் பார்த்த பார்வை அது.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் 2015-ல் எழுதியதை மகள் படித்துச் சொன்னாள். வெகுநாள் பழகிய இசையை வைத்திருக்கும் மூளைப் பகுதி, அல்சைமரில் மற்றப் பல இடங்களைவிடக் குறைவாகவே சுருங்குகிறதாம். கை பழகிய வேலையும் அப்படித்தான், பேர் ஊர் மறந்தபிறகும் கொஞ்ச காலம் நிற்கும்.

ஆனால் ஒன்று, பாட்டு போட்டால் உங்கள் பெயர் அவர் வாயில் வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு வரவில்லை. காத்திருந்த நாட்களில்தான் அதிகம் நொந்தேன். ஆனால் அவர் டின்னைத் தட்ட நான் பாடிய அந்த அரை மணி நேரம் இரண்டு பேரும் பயமில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது பெரிது.

சாப்பிடும்போது மட்டும் வேண்டாம். இவர் தாளத்தில் லயித்துச் சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பார், புரையேறிவிடும். முகம் சுளித்தால் உடனே நிறுத்துங்கள். குளிக்கவைக்க அடம்பிடித்தால் அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் என்ன கேட்டார், என்ன பாடினார் என்று அவருடைய அண்ணன் தங்கைகளிடம் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்க நினைத்தபோது என் கொழுந்தனார் இல்லை.