டெட் தேர்ச்சி மட்டும் இருந்தால் மேல்நிலை வகுப்புக்குப் போக முடியுமா?

கேள்வி: பாலக்கோடு அருகே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்துகிறேன். பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி பெற்றுள்ளேன். பிளஸ் டூ மாணவர்களுக்கு இலக்கியம் நடத்த ஆசை. ஓராண்டில் எம்.ஏ. சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓசூரில் ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். மூன்றாண்டு பி.ஏ. முடித்தவருக்கு எம்.ஏ. இரண்டாண்டுப் படிப்பு, அதை ஓராண்டில் தருகிறேன் என்பவர் விற்பது வெறும் காகிதத்தை. முன்தேதியிட்ட மதிப்பெண் பட்டியலுக்குப் பணம் கட்டியவர்கள், தேர்வில் வென்ற பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையை இழப்பதோடு குற்ற வழக்கையும் சந்திக்க நேரிடும். தரகர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

நீங்கள் பெற்ற டெட் தேர்ச்சி பட்டதாரி ஆசிரியர் பணிக்கானது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளை நடத்துபவர் முதுகலை ஆசிரியர். அதற்கு டெட் தேவையில்லை. ஐம்பது விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இலக்கியம் தனிப் பாடமாக இல்லாமல், பொது ஆங்கிலத்துக்குள் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் என வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வேலையை விடாமல் படிக்க இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ போதும். நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்துள்ளதா என்பதை நீங்களே இணையத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பட்டத்தின் பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். 'ஆங்கிலம்' அல்லது 'ஆங்கில இலக்கியம்' என்று இருந்தால் சிக்கல் இல்லை. 'ஆங்கில மொழி கற்பித்தல்', 'மொழியியல்' போன்ற பெயர்களில் இருந்தால், அது எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். அந்த ஆணையும் தேர்வு அறிவிக்கை வெளியாகும் நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தரும் 'இணையானது' என்ற கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. படிப்புக்கு அனுமதி தரும்போதே இணைத்தன்மையையும் அறிவித்துவிட்டால் இவர்கள் ஏன் அலைய வேண்டும்? அரசு இதை இன்னும் செய்யாதிருப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலைத் தேர்வில் 150 வினாக்கள். அவற்றில் 110 ஆங்கிலப் பாடத்திலிருந்தும், 30 கல்வியியலிலிருந்தும், 10 பொது அறிவிலிருந்தும் வரும். இவற்றுடன் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்மொழித் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 20 எடுக்காவிட்டால் உங்கள் ஆங்கில விடைத்தாள் திருத்தப்படாது. ஆங்கிலம் படித்தவர்கள் பலர் அலட்சியம் செய்வது இந்தத் தாளைத்தான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இப்போதே எடுத்துவிடுங்கள்.

அறிவிக்கைக்காகக் காத்திருக்கும் காலத்தில், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தற்காலிக முதுகலை ஆசிரியர் வாய்ப்பு வரலாம். வகுப்பறை அனுபவத்துக்காகச் சேருங்கள். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலையான ஆசிரியரைத் தராமல் ஆண்டுதோறும் தற்காலிக நியமனத்தால் ஒப்பேற்றுவது அநியாயம். ஆனாலும் அந்த வேலை பின்னால் நிரந்தரமாகும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எம்.ஏ. முடிந்ததும் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் இரண்டையும் உடனே விண்ணப்பித்து வாங்கி, பெயரின் முன்னெழுத்து பிளஸ் டூ சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபாருங்கள்.