புரோபயாட்டிக் தின்ற புழு அதிக நாள் வாழ்வது ஏன்?

லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாட்டிக் (நன்மை தரும்) பாக்டீரியாவைக் கொடுத்தால், ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் புழுவின் ஆயுள் கூடுவது பாக்டீரியாவின் மகிமையா என்பது கேள்வி. உடனே நம்ப வேண்டாம். இந்த 1 மி.மீ. புழுவுக்குப் பாக்டீரியாதான் சாப்பாடே; பிடிக்காமல் குறைவாகத் தின்றாலே கொழுப்பு குறைந்து ஆயுள் நீளும். அரைப்பட்டினியின் பலன் அது! ஆகவே எவ்வளவு தின்கிறது என்றறிய, அது விழுங்கும்போதான தொண்டைத் துடிப்பை 30 விநாடி எண்ணுங்கள். ஆய்வகத்தில் வழக்கமாகத் தரும் உணவான ஈ.கோலை ஓபி50 பாக்டீரியா மேல் நிமிடத்துக்கு 200ஐத் தாண்டும்; புரோபயாட்டிக் உள்ள புதுத் தட்டில் மிகவும் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் கதை வேறு. அது தரும் நைட்ரிக் ஆக்ஸைடைப் புழுவால் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. அதை உருவாக்கும் மரபணுவை நீக்கிய பாக்டீரியாவைத் தின்ற புழுக்கள் சீக்கிரம் சாகின்றன என்று 2013இல் காட்டினார்கள்.

புரோபயாட்டிக் தின்ற புழு நோயை எதிர்க்கிறதா என்று பார்க்கும் தொற்றுச் சோதனையில், சூடோமோனாஸ் என்ற நோய்க்கிருமி உள்ள தட்டுக்கு மாற்றுமுன் புழுவைக் கழுவுங்கள். ஒட்டிவந்த புரோபயாட்டிக் தட்டிலேயே கிருமியை அடக்கினால், புழுவின் எதிர்ப்புச் சக்தி என்று தப்பாக எழுதிவிடுவோம்.