வீட்டுக்கடன் வட்டி ஏறி இறங்கினால் யாருக்கு என்ன ஆகும்?

ஹட்டனில் வீடு வாங்கப் போகிறீர்கள், மாறும் வட்டியா நிலையான வட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு கணக்கு. 50 இலட்சம் ரூபாய், 20 வருடம். வட்டி 10 வீதம் என்றால் மாதத் தவணை சுமார் 48,250 ரூபாய். அதுவே 20 வீதமானால் கிட்டத்தட்ட 85,000. அதில் முதல் மாதம் 83,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கடன் தொகையில் கழிவது இரண்டாயிரம்கூட இல்லை.

இது வெறும் கற்பனை இல்லை. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டியை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் விழி பிதுங்கிப் போனார்கள். 2023 ஜூனில்தான் அது இறங்கத் தொடங்கியது.

வங்கிக்கு மட்டும் கொண்டாட்டமா? அதுவும் இல்லை. வங்கி நம்மிடம் ஒரு வருட நிலையான வைப்பாக வாங்கிய பணத்தைத்தான் இருபது வருடக் கடனாகக் கொடுக்கிறது. வைப்பு வட்டி ஏறும்போது பழைய நிலையான வட்டிக் கடன்கள் அதற்கு நட்டம். மாறும் வட்டிக் கடன்களிலோ தவணை கட்ட முடியாதவர்கள் கூடுவார்கள். அதனால்தான் நிலையான வட்டியைப் பெரும்பாலும் சில வருடங்களுக்கு மட்டும் தருகிறார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு வட்டி எப்படி மாறும், உச்சவரம்பு உண்டா என்பதைக் கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், தவணை இன்னும் பாதி கூடினாலும் தாங்குமா என்று பார்த்துவிட்டே இறங்குவேன்.

அப்புறம், நம் மலைநாட்டில் வட்டிக்கு முந்திய சிக்கல் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். தெளிவான உறுதி இல்லாத காணியை வங்கி ஈடாக எடுக்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்களுக்கு வட்டி குறைந்தும் பயனில்லாமல் போவது அதனால்தான்.