பள்ளத்தில் பிறந்த பெயர்கள்

வணக்கம் ஐயா,

மூன்று வருடமாக மான்செஸ்டரில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. இந்த வருடம் அவனுக்கு வந்திருக்கும் வகுப்பாசிரியையின் குடும்பப்பெயர் ஷஃபிள்பாட்டம். முதல் நாள் அவன் வந்து சொன்னபோது வீட்டில் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு எப்படி வாழ்கிறார், ஏன் மாற்றிக்கொள்ளவில்லை? தேடிப் பார்த்தேன், அபூர்வமான பெயர் என்கிறார்கள். இது நம் ஊர் சாதிப்பெயர் மாதிரியா? இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

நான் எழுத வந்தது வேறு. எங்களுக்கு மார்ச்சில் இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. மூத்தவனுக்கு என் பெயரே குடும்பப்பெயராகிவிட்டது. இரண்டாவதுக்கும் அதுதானா, அல்லது அப்பா பெயரா, அல்லது எங்கள் ஊர்ப்பெயரான பள்ளப்பட்டியா? பள்ளப்பட்டி என்று வைத்தால் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்கிறாள் மனைவி. உங்கள் கருத்து என்ன?

கே., மான்செஸ்டர்

*

அன்புள்ள கே.,

கடிதத்தின் பின்பாதிக்குத்தான் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. என்னால் முன்பாதியைத் தாண்ட முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தீர்களா? சரி, சிரித்தாயிற்று. இனி கொஞ்சம் கேளுங்கள்.

பாட்டம் என்றால் பள்ளம். வட இங்கிலாந்தில் லங்காஷயரிலும் யார்க்‌ஷயரிலும் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடை ஓடும் தாழ்ந்த நிலத்தை அப்படித்தான் சொன்னார்கள். நீங்கள் நினைத்துச் சிரித்த அந்தப் பொருள், பின்புறம் என்பது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சொல்லோடு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஏறக்குறைய 500 வருடம் முன்பே இந்தக் குடும்பங்கள் தங்கள் பள்ளத்தின் பெயரைச் சுமக்கத் தொடங்கிவிட்டன. பெயர் முதலில் வந்தது, கேலி அப்புறம் வந்தது. நம்மிடமும் 'நாற்றம்' இருக்கிறதே! ஆழ்வார்கள் காலத்தில் பூ நாறியது, கற்பூரம் நாறியது. இன்று சாக்கடை நாறுகிறது. அன்றைக்கு யாராவது தன் பெண்ணுக்கு நாற்றத்தை வைத்து ஆசையாக ஒரு பெயரிட்டு, அது வம்சப் பெயராக நின்றிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபட்டிருக்கும்?

ஷஃபிள் என்பது சீட்டுக் கலைப்பதும் இல்லை, காலை இழுத்து நடப்பதும் இல்லை. மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்ற ஊர்ப்பக்கம் ஷிப்பர்பாட்டம் என்று ஓர் இடம் இருந்தது. ஆட்டு ஊற்று இருக்கும் பள்ளம் என்று பிரித்துச் சொல்கிறார்கள் பெயராய்வாளர்கள். அங்கிருந்து கிளம்பிப் பக்கத்து ஊருக்குப் போனவனை 'ஷிப்பர்பாட்டத்துக்காரன்' என்றார்கள். எழுதத் தெரிந்தவர் பாதிரியாரோ வரி எழுத வந்த குமாஸ்தாவோதான். காதில் விழுந்ததை எழுதினார். ஷிப்பர்பாட்டம், ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்போத்தம், ஷூபாட்டம் என்று ஒரே பள்ளம் நாலைந்து விதமாகப் புரண்டது.

சுற்றிலும் இதே கதைதான். ராம்ஸ்பாட்டம் காட்டுப்பூண்டு முளைக்கும் பள்ளம் (கடாவின் பள்ளம் என்பாரும் உண்டு). ரோபாட்டம் கரடுமுரடான பள்ளம். சைட்பாட்டத்தில் இருக்கும் 'சைட்' பக்கம் இல்லை, அகலம் என்ற பொருளுள்ள பழைய சொல். கிரிக்கெட் வீரர் இயன் போத்தமுக்கு நாம் கைதட்டினோமே, யாராவது சிரித்தோமா? அதுவும் இதே பாட்டம்தான். ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்த ரயன் சைட்பாட்டம் இடக்கையால் வீசியபோது விக்கெட் விழுமே என்று பயந்தோம், பெயரை யார் பார்த்தார்கள்?

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சென்னை மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸுக்குப் போயிருப்பீர்கள். 1844-இல் ஆபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய கடை. இப்போது இருக்கும் வெள்ளைக் கட்டடம் 1904-இல் எழும்பியது. சின்ன வயதில் ரயில் நிலையங்களில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ ஒரு மகானின் பாதம் போலிருக்கிறது, அதற்குத்தான் இவ்வளவு பெரிய எழுத்து என்று நினைத்துக்கொள்வேன். போல்டன் ஊர்ப்பக்கம் ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ஓக் மரப் பள்ளம். நம் ஊர்க்காரர்கள் எழுத்துக் கூட்டும்போது அந்தப் பள்ளத்தைப் பாதமாக்கிவிட்டார்கள். அந்தக் கடையில் புத்தகம் வாங்கிய எந்தத் தமிழனும் வயிறு வலிக்கச் சிரித்ததில்லை. கடை என்றால் மரியாதை, பள்ளிக்கூட டீச்சர் என்றால் சிரிப்பா?

இவ்வளவு காட்டமாக எழுதுவதற்குக் காரணம் நீங்கள் இல்லை. நான்தான்.

என் அத்தை பெயர் குப்பம்மாள். அப்பாவுக்கு மூத்தவள். அவளுக்கு முன்னால் பாட்டிக்குப் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாகப் பிறந்தவளைக் கொல்லையில் குப்பைமேட்டில் ஒரு முறத்தோடு கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொடுக்க, 'குப்பையில் கிடந்தது, எங்களுடையது இல்லை' என்று எமனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார்களாம். அந்தப் பெயருக்கு எமன் மசிந்துவிட்டான். 84 வயது வரை இருந்தாள். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது உதவித்தொகைப் படிவத்தில் பெரியவர்கள் கையெழுத்து வேண்டியிருந்தது. அப்பா வெளியூரில். அத்தை நாலு மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாத்தியார் படிவத்தைப் பார்த்துப் பெயரை உரக்கப் படித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளை எனக்குத் தெரியாதது மாதிரி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். திரும்பும் வழியில், 'எதுக்குடா சிரிச்சாங்க?' என்று கேட்டாள். 'சும்மாத்தான் அத்தை' என்றேன். அவள் அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே இல்லை.

உங்கள் மகனின் ஆசிரியை ஒவ்வொரு செப்டம்பரிலும் முப்பது குழந்தைகள் முன்னால் நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்கிறீர்கள். மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. பாட்டத்தைப் போத்தமாக எழுதுவதே பாதி தப்பித்தல்தான். பெயர் மாற்றுவதும் அங்கே பெரிய வேலை இல்லை, ஒரு பத்திரம் எழுதினால் போதும். அப்படியும் ஒருவர் முழுப் பள்ளத்தையும் விடாமல் வைத்திருக்கிறார் என்றால், நானாக இருந்தால் அவரைப் பார்த்து எழுந்து நின்றிருப்பேன்.

சாதிப்பெயர் மாதிரியா என்ற கேள்விக்கு: இல்லை. ஸ்மித் என்றால் கொல்லன், ஆனால் 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஸ்மித்தின் பேரன் ஆடு மேய்க்கப் போய்விட்டான், பெயர் மட்டும் பின்னாலேயே போயிற்று. உலகத்தில் எதைப் பார்த்தாலும் சாதியோடு ஒப்பிடுகிற பழக்கத்தைக் கொஞ்சம் விடுங்கள்.

ஒரே குடும்பமா என்பது நல்ல கேள்வி. அதற்கு முன் இந்தப் பெயர்கள் எப்படி நின்றன என்று தெரிய வேண்டும். 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன் இங்கிலாந்துக்காரனும் நம்மைப் போலத்தான், ஒற்றைப் பெயர். வந்த பிரபுக்கள் தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மெல்ல மெல்ல அது கீழே இறங்கியது, வடக்கில் எல்லாமே கொஞ்சம் தாமதம். 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி, அதாவது தலைக்கு இவ்வளவு என்ற வரி, போட்டார்கள். மூன்றாவது வரியில் பெரிய கலகமே வெடித்தது. ஆனால் 1379-இல் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில் வரி எழுதிய பட்டியல்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யார்க்‌ஷயர் குடும்பப்பெயர்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் அந்தப் பட்டியல்களை வீடு வீடாகத் துழாவினார். இன்று நூற்றுக்கணக்கான பேர் வைத்திருக்கும் பெயர் சில சமயம் அன்றைக்கு ஒரே ஊரில் ஒரே வீட்டில் இருந்தது என்பது அவர் விடாமல் சொல்லிவந்தது. அதற்கு முப்பது வருடம் முன்னால்தான் கொள்ளைநோய் வந்து நாட்டில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கொண்டுபோயிருந்தது. எத்தனையோ பெயர்கள் அதோடு முடிந்தன.

பெயர் அபூர்வமாக இருப்பதற்குப் பெரும்பாலும் பெருமையும் காரணமில்லை, சிறுமையும் காரணமில்லை. ஒரு தலைமுறையில் எல்லாம் பெண்ணாகப் பிறந்தால் போதும், பெயர் போச்சு. 1873-இல் ஆங்கில அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணக்காகவே போட்டார்: ஒவ்வோர் ஆணுக்கும் இத்தனை மகன்கள் என்றால், எத்தனை தலைமுறையில் எத்தனை பெயர்கள் அழியும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டுபிடித்தார், எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று. கணக்கு வழி சரி, முடிவு தவறு. ஜனத்தொகை பெருகினால் சில பெயர்கள் தப்பிக்கும். பாதிரியாரின் அந்தத் தப்புக் கணக்கிலிருந்து கிளைத்த கணிதம்தான் பின்னாளில் அணுப்பிளவின் சங்கிலித் தொடரைக் கணக்கிடவும் உதவியது.

இனி ரத்தம். 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே சோதித்தார். சைக்ஸ் என்றால் ஓடை, அதுவும் அந்த வடக்குச் சீமைப் பெயர்தான். சம்பந்தமே இல்லாதவர்கள் என்று நினைத்த 48 சைக்ஸ்களின் ஒய் குரோமோசோமை, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் மரபுக்கூறை, பார்த்தால், பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களிடம் ஒரே அடையாளம். பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பெயர்களை எடுத்து, 1,678 ஆண்களைப் பார்த்தார்கள். ஸ்மித் போன்ற பெரிய பெயர்களில் ஒன்றும் ஒட்டவில்லை. பெயர் அபூர்வமாக ஆக ஒற்றுமை கூடியது. நாட்டிங்ஹம்ஷயரில் ஒரு கிராமத்தின் பெயரான அட்டன்பரோ அதில் முக்கியமானது. அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே தகப்பன் வழி. ஆகவே உங்கள் ஆசிரியையும் இன்னொரு ஷஃபிள்பாட்டமும் எங்கோ தூரத்து உறவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உடனே சுத்த ரத்தம் என்று கிளம்பிவிடாதீர்கள். அதே லெஸ்டர்காரர்கள் 2007-இல் யார்க்‌ஷயரின் ஓர் அபூர்வப் பெயரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பெயரைக்கூட மறைத்து ஓர் எழுத்தால் மட்டும் குறித்தார்கள். அந்தப் பெயருள்ள 18 ஆண்களில் ஏழு பேரிடம் அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே கண்ட ஓர் அடையாளம். ஏழு பேரும் வெள்ளைக்காரர்கள். ஆவணங்களில் பின்னோக்கிப் போனால் 18-ஆம் நூற்றாண்டு யார்க்‌ஷயர் வரை ஒரு சந்தேகமும் இல்லை. அதற்கும் முன்னால் எப்போதோ, ரோமாபுரிப் படையோடோ அடிமைக் கப்பலிலோ, ஓர் ஆப்பிரிக்கர் அந்த மண்ணுக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கிறார்.

ஆனால் எனக்கு ரத்தத்தைவிட வரைபடம்தான் பிடித்திருக்கிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பேரரசு, ரயில், நீராவிக் கப்பல் எல்லாம் வந்த பிறகும் பாட்டம்காரர்கள் லங்காஷயர், செஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் என்று தங்கள் பள்ளத்தைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறார்கள். 1662 சட்டப்படி ஏழைக்கு அவனுடைய சொந்த ஊர்க்கோயில்தான் கஞ்சி ஊற்ற வேண்டும், வேறு ஊர் போனால் திருப்பி அனுப்புவார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று எனக்குத் தோன்றுவது: பிழைப்பே அவர்களைத் தேடி வந்தது. அந்தப் பள்ளத்து ஓடைகள்தான் தொடக்ககாலப் பருத்தி ஆலைகளின் சக்கரத்தைச் சுற்றின. மேட்டில் ஆடு மேய்த்தவன் ஆலைக்கூலி ஆவதற்குக் கீழே இறங்கினால் போதும். நம் தஞ்சாவூர்ச் சங்கீதக்காரர்களைப் பாருங்கள், செம்மங்குடி, உமையாள்புரம் என்று ஊரை முன்னால் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அது அவரவரோடு நிற்கிற பெயர். அங்கே ஊரை விட்டே எழுநூறு வருடம் ஆனாலும் ஊர் விடுவதில்லை.

நீங்கள் கேட்டது எங்கேயோ போய்விட்டது. பள்ளப்பட்டியையே வையுங்கள். அதற்கும் பாட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், ஆனால் முடிவு அவர்கள் எடுக்கட்டும். பத்து மாதம் சுமக்கிறவர்.

வசந்தத்தில், குழந்தை பிறந்து கொஞ்சம் தேறிய பிறகு, மூத்தவனைக் கூட்டிக்கொண்டு டிராமில் பெரிக்குப் போங்கள். வார இறுதியில் அங்கிருந்து ராம்ஸ்பாட்டத்துக்குப் பழைய நீராவி ரயில் ஓடும். ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில் அந்தப் பக்கத்து ஈரமான மரநிழல்களில் காட்டுப்பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் டீச்சருக்கும் ஒன்று கொண்டுபோகட்டும். எதற்கு என்று அவர் கேட்டால் அவனே சொல்லிக்கொள்வான்.