சென்னைக்குள் தேசிய நெடுஞ்சாலைகள் சரியாக எந்த இடத்தில் முடிகின்றன?

மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் வர வர 16, 32, 48 என்ற எண்களெல்லாம் காணாமல் போயிருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

தெற்குப் பக்கம் பதில் சுலபம், கத்திப்பாரா சந்திப்பு. அண்ணா சாலை முடிந்து திருச்சிப் பக்கம் போகும் ஜிஎஸ்டி ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) தொடங்குவது அங்கேதான். என்னைக் குடைந்தது வடக்குப் பக்கம். என் அப்பா விஜயவாடாவுக்கு லாரி ஓட்டியவர். 2010-ல் எண்களை மாற்றியபோது விஜயவாடா போகும் 5 என்பது 16 ஆனது, பெங்களூரு போகும் 4 என்பது 48 ஆனது. முன்பு திருச்சிக்கு 45 என்று ஒரே எண். இப்போது திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அப்புறம் 38. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்குக்கு ஒற்றைப்படை என்ற முறை நல்ல முறைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கடைசிவரை அது அஞ்சாம் நம்பர் ரோடுதான். "அஞ்சாம் நம்பர் யானைகவுனியில முடியுதுடா" என்பார். அவர் லோடு இறக்கிய குடோன் அங்கே இருந்தது.

அவர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்குன்றத்திலிருந்து வண்டியை எடுத்தேன். காவாங்கரை, புழல், மாதவரம் ரவுண்டானா, மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் என்று கிலோமீட்டர் கல் தேடிக்கொண்டே போனேன். ரவுண்டானா தாண்டி ஒரு பஞ்சர் கடை ஓரத்தில் மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி போஸ்டர். காசால் சுரண்டினேன், 'சென்னை' என்ற எழுத்து வந்தது. எண் தாருக்குள் போயிருந்தது. கடைப் பையனிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் குத்திப் பார்த்ததில் எண்ணின் மேல் வளைவு மட்டும் தெரிந்தது. 8 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்குள் போக இரண்டு படி ஏறுவோம். இன்று இரண்டு படி இறங்குகிறோம். எத்தனை மனு கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2015 வெள்ளத்தில் தெருத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வந்தது. அப்பா டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த டிரிப் ஷீட் எல்லாம் கூழாகிவிட்டது. அந்தத் தாள்கள் இருந்திருந்தால் எந்த வருடம் எந்த குடோனில் இறக்கினார் என்று உங்களுக்கே சொல்லியிருப்பேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் ஊர்ப் பெயர்களைத்தான் வரிசையாகக் கோர்த்திருப்பார்கள், தெருமுனையைத் தேடினால் கிடைக்காது. தரையில் பார்த்தால், பராமரிப்பு மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ போகும் இடத்தைத்தான் முடிவு என்று கொள்ள வேண்டும். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கிலோமீட்டர் பைபாஸ் வந்ததும் நான்கு பெரிய சாலைகளும் ஊருக்கு வெளியிலேயே இணைந்துவிட்டன, லாரிகள் அங்கேயே திரும்பிவிடுகின்றன. உள்ளே இருக்கிற துண்டை யாரும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டப்படி இது சரியில்லை என்று யாராவது வருவீர்கள், வாருங்கள். நான் வண்டியில் போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன்.

போகிறதாக இருந்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள், கண்டெய்னர் லாரிகள் குறைவாக இருக்கும். ஊரை நோக்கி வரும்போது இடது கைப் பக்கமாகப் பாருங்கள். அந்தப் பஞ்சர் கடை இருந்தால் கல்லும் இருக்கும். 8 என்றோ 9 என்றோ தெரிந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.