எட்டு மணிக்குத்தானே? ஸ்பானிய மொழியில் சந்திப்பும் விடைபெறலும்: கேள்வி பதில்

அக்கா, மாத்ரிதில் படிக்கிறேன். வகுப்புத் தோழி எட்டு மணிக்குச் சந்திக்கலாம் என்றாள். உறுதிப்படுத்த 'கொன்ஃபிர்மோ' என்று அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியதுபோல் இருக்கும். அன்று மதியமே வாட்ஸ்அப்பில் 'அல் ஃபினால் கேதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ?' என்று தட்டிவிடுங்கள். 'அப்போ எட்டு மணிக்குத்தானே?' என்ற தொனி. பதிலுக்கு 'பாலே' வந்தால் சரி என்று அர்த்தம். இடத்தையும் கேட்டுவிடுங்கள். 'சோல்' என்று மட்டும் சொன்னால் புவெர்தா தெல் சோல் சதுக்கக் கூட்டத்தில் தேடி அலைய வேண்டும். பலர் அங்குள்ள கரடிச் சிலையருகே நிற்கச் சொல்வார்கள்: 'என் எல் ஓசோ'.

'எஸ்தா தார்தே' (இன்று பிற்பகல்) என்றார்கள். மூன்று மணியிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தேன்!

பாவம்! ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்குத்தான். அதற்குப் பிறகு தொடங்கும் 'தார்தே', இரவு எட்டு வரைகூட நீளும். 'ஆ கே ஓரா?' என்று மணியைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

'ஆ பேர் சி கேதாமோஸ் உன் தீயா' என்று சொன்ன நண்பர் மூன்று வாரமாக மூச்சே விடவில்லை. கோபமா?

கோபமெல்லாம் இல்லை. 'ஒருநாள் பார்ப்போம்' என்று நாமும் சொல்கிறோமே, அதுதான். நாள் குறிக்காத வரை அது அழைப்பில்லை, அன்பு மட்டுமே. உண்மையாகவே பார்க்க வேண்டுமென்றால் நீங்களே 'எல் ஹுவேவெஸ் தே பா பியென்?' என்று வியாழக்கிழமை தோதுப்படுமா எனக் கேளுங்கள். 'யா தே தீகோ அல்கோ' (அப்புறம் சொல்கிறேன்) என்று பதில் வந்தால், வியாழனை அவருக்காகக் காலியாக வைத்திருக்காதீர்கள்.

போனை எப்படி வைப்பது? அவர்கள் முடிப்பதே இல்லை.

'பெங்கா' என்ற சொல் காதில் விழுகிறதா? முடிக்கப் போகிறார்கள். 'பெங்கா, பாலே, ஆஸ்தா லுவேகோ, அதியோஸ், அதியோஸ்' என்று இருவரும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லித்தான் வைப்பார்கள். நடுவில் துண்டித்தால் முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். 'அதியோஸ்' நிரந்தரப் பிரிவுக்கு என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஸ்பெயினில் தெருவில் நிற்காமல் கடந்து போகிறவர்கள்கூட ஒருவருக்கொருவர் அதைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரரிடம் 'ஆஸ்தா லுவேகோ' (அப்புறம் பார்ப்போம்) போதும், மறுபடி அங்கே போகாவிட்டாலும்.

இதெல்லாம் மெக்சிகோவில் செல்லுமா?

புரியும். ஆனால் 'பாலே' என்றதும் ஸ்பெயினில் கற்றவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சரி என்பதற்கு அங்கே 'ஸாலே' அல்லது 'ஓராலே', புவெனோஸ் ஐரெஸில் 'தாலே', கொலம்பியாவில் 'லிஸ்தோ'. பிரியும்போது 'நோஸ் பேமோஸ்' (பார்ப்போம்) எங்கும் எடுபடும். அர்ஜென்டினாவில் கூடவே ஒரு 'சாவ்'. மெக்சிகோ நண்பர் 'அஓரித்தா யேகோ', அதாவது இதோ வந்துவிட்டேன் என்றால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஒரு காபி சொல்லிவிட்டு உட்காருங்கள்.