மகளிர் தினத்துக்கு வீட்டுச் சாப்பாடு: மெனுவுக்கு முதல் ஒரு கேள்வி

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மார்ச் 8க்கு அம்மா, மனுசி, மகள் மூண்டு பேருக்கும் நல்ல சாப்பாடு குடுக்கோணும், மகனும் நானும் சேர்த்து வீட்டில அஞ்சு பேர், ஹோட்டலுக்குப் போனா கட்டுப்படியாகாது, செலவு குறைய சத்தா என்ன செய்யலாம்?"

தம்பி, மெனு சொல்றன், அதுக்கு முதல் சமைக்கப் போறது ஆரெண்டு சொல்லுங்கோ. என்னட்ட வாற கன வீடுகளில விசேசம் எண்டா மூண்டு கறி ஆறு கறியாகும், ஆறையும் அதே மனுசிதான் வேர்க்க விறுவிறுக்க நிண்டு சமைப்பா, பிறகு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறது மட்டும் ஆம்பிளையள். அதால நீங்களும் மகனும் குசினிக்குள்ள இறங்குங்கோ, அதுக்கேத்த மாதிரி சின்ன மெனு போதும்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சாளை மீன், வல்லாரைச் சம்பல்.

அரிசி மூண்டு சுண்டு காணும். சாளை இருக்கிற மீனுக்குள்ள மலிவு, புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் நல்லா இருக்கு, முள்ளோட மெல்லுற பதத்துக்கு கொறக்கா போட்டு சின்ன நெருப்பில வத்த விட்டா கல்சியமும் கிடைக்கும். கழுவுற வேலைதான் கொஞ்சம் அரியண்டம், அதை மகனிட்ட விடுங்கோ, பழகட்டும். மீன் சரிவராட்டி அவிச்ச முட்டை ஆளுக்கொண்டு. பருப்புக்கு உள்ளி, பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு அவியுங்கோ, உப்பும் தேங்காய்க் கட்டிப்பாலும் கடைசியில, பால் விட்ட பிறகு கொதிக்க விடாதேங்கோ திரைஞ்சு போகும். வல்லாரையை மெல்லிசா அரிஞ்சு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயத்தோட பிசைஞ்சு சாப்பிடுறதுக்குக் கொஞ்சம் முதல் தேசிக்காய் புளிஞ்சு விடுங்கோ. அந்தப் புளி ருசிக்கு மட்டுமில்லை, பருப்பிலயும் கீரையிலயும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதுக்கு அதில இருக்கிற விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிச்சா பாதி வேலை வீண், ஒரு மணித்தியாலம் பொறுங்கோ.

இரும்புச்சத்தை ஏன் இவ்வளவு சொல்றனெண்டா, மாதவிடாய் வாற வயசில இருக்கிற பொம்பிளையளுக்கு ஆம்பிளையளை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தேவை. ஆனா எங்கட வீடுகளில பெரிய மீன் துண்டு அப்பாவுக்கு, அடுத்தது மகனுக்கு, மனுசி கடைசியா இருந்து சட்டியில மிஞ்சின குழம்பை சோத்தில பிரட்டிச் சாப்பிடுவா, கேட்டா "எனக்கு மீன் பெரிசா விருப்பமில்லை" எண்டு சொல்லுவா. நம்பாதேங்கோ! அண்டைக்கு மீனை எண்ணி முதல் பங்கு மகளுக்கும் மனுசிக்கும் போடுங்கோ. அம்மாவுக்கு இப்ப இரும்புத் தேவை குறைவு, ஆனா வயசோட தசை கரையும், அதால புரதத்தை அவவுக்கும் குறைக்காதேங்கோ.

சாப்பிடேக்க பிள்ளையளுக்குச் சொல்ல கதை வேணுமெண்டா, இலங்கையில 1931லயே 21 வயசு தாண்டின பொம்பிளையளுக்கும் வோட் வந்திட்டு, அடுத்த வருசமே எங்கட கொழும்பு வடக்கில இருந்து நேசம் சரவணமுத்து எண்ட தமிழ் அம்மா அரசாங்க சபைக்கு, அதாவது அந்தக் காலத்துப் பாராளுமன்றத்துக்கு, தெரிவானவ. வோட்டில சரிசமன் வந்து 90 வருசத்துக்கு மேல போயிட்டு, மீன் சட்டியில இன்னும் வரேல்லை பாருங்கோ.

சாமான் லிஸ்ட்டையும் நீங்களே எழுதுங்கோ. "என்ன வாங்கோணும், உப்பு எங்க, எந்தச் சட்டி" எண்டு அஞ்சு நிமிசத்துக்கொருக்கா மனுசியைக் கேட்டா அவ சமைச்சதுக்குச் சமன்தான், நினைச்சு வைக்கிறதும் ஒரு வேலை. அம்மா "விடு ராசா, நான் செய்யிறன்" எண்டு வருவா, உப்புப் பார்க்க மட்டும் கூப்பிடுங்கோ. சட்டிபானை கழுவி, அடுப்பும் துடைச்சு முடிச்ச பிறகுதான் கேக். தேங்காய்ல பாதி மிஞ்சும், அது அடுத்த நாள் காலமை பாணுக்குச் சம்பல், அதுக்கும் நீங்களே துருவுங்கோ.